ஆறு வேளை

செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

ஓ.பி.யில் சர்க்கரைக்காரர்கள் கூட்டம். டயட்டீஷியன் வேலையில் எல்லோரிடமும் அதே பாட்டு: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. அகரத்துப் பெரியவர் ஒருவர், "அடிக்கடி தின்னுக்கிட்டே இருந்தா வேலவெட்டிய யாரும்மா பாக்குறது?" சிரித்துவிட்டேன்.

மத்தியானம் மனநல வார்டு. செல்விக்குக் கஞ்சி ஏற்றும் நேரம். சாணார்பட்டிப் பெண். சோற்றில் விஷம் என்று வாயே திறக்காதவள். மூக்குக் குழாயில் எவ்வளவு, எத்தனை வேளை என்று எழுதிக் கொடுப்பது நான். குழாய் போடுவதைப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். நான்கு பேர். கையை, காலை, தலையை அமுக்கிப் பிடிக்க. முடிந்ததும் குழாயைப் பிடுங்கிவிடுகிறாளாம். அதனால் ஒவ்வொரு வேளையும் புதிதாக.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ சிஸ்டர்?"

விமலா சிஸ்டர் ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க எழுதுனதுதான் மேடம். ஆறு."

புதன்
தூக்கம் இல்லை. வெஞ்சனம் வைக்கவில்லை. வெறும் தயிர்சோறு, அதுவும் இறங்கவில்லை.

முதலில் ஆறு சரிதான். காய்ந்த வயிறு, ஒரேயடியாகக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் ரத்த ரிப்போர்ட் நன்றாக வந்து ஒரு வாரம் ஆகிறது. அளவைக் கூட்டி வேளையைக் குறைத்திருக்கலாம். எடை ஏறுகிறதே என்ற சந்தோஷத்தில் பழையதையே மறுபடி எழுதினேன். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. எனக்கு ஒரு வேளை என்றால் இத்தனை மில்லி. அவளுக்கு நான்கு பேர்.

டாக்டரிடம் சொன்னேன். "மூணு போதும். முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வியாழன்
வெயில். துணி காய்ந்தது. சிலிண்டர் மறுபடி மறந்தாயிற்று.

செல்வியிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மூக்கோரம் புண். நான் வாய் திறக்குமுன் அவளே, "சிஸ்டர் சொன்னாக. இனி மூணு தடவதானாம். நீங்கதான் பேசிக் கொறச்சீகளாம்."

தலையாட்டினேன்.

"ஆறுன்னு எழுதுன பாவி யாருக்கா?"

"தெரியலம்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்த நேரம் இருந்துட்டுப் போங்கக்கா."

இருந்தேன். அடுத்த வேளைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் குறைவு. செல்வி என் கையை விடவில்லை.

"அந்தக் கைய நீங்களே அமுக்கிப் பிடிச்சுக்கங்க மேடம்" என்றார் விமலா சிஸ்டர்.

பிடித்தேன்.