அரக்கு நிறத்துக் கிளி

சின்னா,

உன் மருமகன், என் பையன், நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கிளி வரைந்து எடுத்து வந்தான். மூக்கு வளைவு, கழுத்து வளையம், நீண்ட வால் எல்லாம் சரியாக இருந்தது. உடம்புக்கு மட்டும் அரக்கு பூசியிருந்தான், நம் புடவைக் கரைகளில் வருமே, அந்த அடர்ந்த சிவப்பு. மேலே டீச்சர் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். "பச்சைதாம்மா போட்டேன்" என்று அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். நான் தாளை வாங்கினேன், அப்படியே நின்றுவிட்டேன். பால் பொங்கி அடுப்பில் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எனக்கு நினைவு திரும்பியது.

அப்போதிருந்து உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் மடல் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். எழுத்து கோணலாக வந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

உனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது அம்மா, நீ, நான் மூன்று பேர் மட்டும் அறிந்த சங்கதி. அப்பா போன பிறகு தறிக்குழியில் நீ இறங்கினாய். ராட்டை என் பக்கம் வந்தது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் நூல் சுற்றி, அரக்கு நூல் என்றால் பித்தளைத் தட்டில் வைப்பேன், பச்சை என்றால் மூங்கில் தட்டில். நீ குனிந்து பார்க்கவே மாட்டாய். தட்டைத் தொட்டுப் பார்த்து எடுத்துக்கொள்வாய். "அக்கா, பித்தளை தீந்துபோச்சு" என்று நீ கேட்க, வந்து நின்ற முதலாளி, பட்டு நெய்கிறானா பாத்திரம் அடிக்கிறானா இவன் என்று கேலி செய்தது ஞாபகம் இருக்கிறதா? அவர் சிரித்தார், நாமும் சிரித்தோம். எனக்கு மட்டும் பயம். நிறம் தெரியாதவனுக்கு இந்த ஊரில் யார் பாவு நூல் கொடுத்து நெய்யச் சொல்வார்கள்?

ஒரு வருஷம் வைகாசித் திருவிழாவின்போது நான் தென்னேரியில் பெரியம்மா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். பெருமாள் நம் தெருவுக்கு வருகிறார் என்றதும் அம்மா கற்பூரத் தட்டுக்காக அந்தப் பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தாள். அதில் இருந்த நூல் குச்சிகளை மூங்கில் தட்டில் கொட்டிவிட்டாள். சாமி நினைப்பில் அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கல்யாணப் புடவை, உடம்பு பச்சை, முந்தானை மட்டும் அரக்கு. நான் திரும்பி வந்தபோது பச்சையின் நடுவே அரக்குப் பட்டைகள் அங்கங்கே படுத்திருந்தன. கூரையின் கண்ணாடி ஓட்டு வழியாக விழுந்த வெயில் சதுரம் மெதுவாக அவற்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. நீ, எவ்வளவு வேகமாக நெய்திருக்கிறேன் பார் என்று முகம் மலர்ந்து நிமிர்ந்தாய். நான் அந்தப் பட்டைகளையே பார்த்தேன். உன் கை தறியிலிருந்து தானாக விலகியது.

"எத்தினி எடத்துல, அக்கா?" என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய்.

மறுநாள் முதலாளி வந்தார். குடித்துவிட்டு நெய்தாயா என்று கேட்டார். நீ பொய் சொல்லியிருக்கலாம், தூக்கக் கலக்கம் என்றிருக்கலாம். எனக்கு நிறம் தெரியாதுங்க என்று நீ சொன்னதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வா, அதுவரை பாவு கிடையாது என்று அவர் போய்விட்டார்.

மதராஸுக்கு மூவரும் பஸ்ஸில் போனோம். அங்கே கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காட்டிய புத்தகம் முழுக்கப் புள்ளிகள், பொரித்த அப்பளத்துக் கொப்புளங்கள் மாதிரி, கலர் கலராக. புள்ளிகளுக்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும், வாசி என்றார்கள். எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. நீ ஒவ்வொரு பக்கத்துக்கும் இல்லை என்று தலையை ஆட்டினாய். அப்புறம் ஒரு பக்கம் திருப்பினார்கள். அதில் எனக்கு எதுவும் இல்லை, வெறும் புள்ளிகள். அம்மாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நீதான் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலால் அந்த எண்ணைப் பக்கத்தின் மேலேயே எழுதிக் காட்டினாய். என் கண் பின்தொடர்வதற்குள் உன் விரல் முடித்துவிட்டது. டாக்டரம்மா சரி என்று தலையசைத்தார்கள். உன்னைப் போன்ற கண்களுக்கு மட்டும் தெரிகிற பக்கமாம் அது.

அவர்கள் பொறுமையான மனுஷி. மேஜையில் இருந்த கனத்த கண்ணாடிக் கட்டியை ஜன்னல் வெயிலில் பிடித்தார்கள். சுவரில் நிறங்கள் விரிந்தன. வெயில் வெள்ளையாக இருக்கிறதே, அதற்குள் இத்தனையும் கலந்திருக்கிறது என்றார்கள். நூலுக்கென்று சொந்தமாக நிறம் கிடையாதாம். சாயம் ஏறிய நூல் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும், மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்த மிச்சத்தைத்தான் நாம் பச்சை, அரக்கு என்று பேர் வைத்துக் கூப்பிடுகிறோம். அதை வாங்கிக்கொள்ளக் கண்ணுக்குள் மூன்று வகை அணுக்கள் இருக்கின்றனவாம். உன் கண்ணில் ஒரு வகை சரியாக இல்லை, அதனால் இரண்டும் உனக்கு ஒன்றாகிவிடுகிறது, மருந்து கிடையாது என்றார்கள்.

பிறகு அம்மாவிடம், உங்கள் பிறந்த வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார்கள். அம்மா தன் அப்பாவைச் சொன்னாள். பழுத்த மிளகாய் பறிக்கப் போனால் காயையும் சேர்த்துப் பறித்து வந்து திட்டு வாங்குவாராம். இது பெரும்பாலும் தாய் வழியாகப் பிள்ளைக்கு வருவது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். "இந்தப் பொண்ணுகிட்டயும் இருக்கலாம். இவளுக்குத் தெரியாது. இவளுக்குப் பையன் பொறந்தா, ஒருவேளை அவன்கிட்ட தெரியும்." எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. வெட்கத்தில் சிரித்தேன்.

திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே வந்தாள். தன் வயிற்றிலிருந்து வந்த குறை என்றாள். நீ அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய்.

"எது குறை? நீயும் அக்காவும் முழிச்சுக்கினு இருந்தீங்களே, அந்த நம்பரு எனக்குத் தெரிஞ்சுதா இல்லியா? அந்தக் கண்ணும் நீ குடுத்ததுதாம்மா."

என்ன எண் என்று நான் கேட்டேன். நம் பஸ்ஸின் நம்பரைச் சொன்னாய். பொய் என்று தெரிந்து கிள்ளினேன். அப்புறம் எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்! ஒரு நாள் வீட்டுக் கதவு எண், ஒரு நாள் ரேஷன் கார்டு எண். ஒரு தடவையும் உண்மையைச் சொன்னதில்லை.

அந்தப் பயணத்தில் பாவு போன கவலையே உனக்கு இல்லாதது போலிருந்தது. பாதி வழியில், தூங்குகிறாய் என்று நினைத்த நேரத்தில் சொன்னாய்: "பொட்டியில மடிச்சு வெச்சிருக்கிற பொடவைக்கு நிறமே கெடையாதுக்கா. வெளிச்சம் பட்டாத்தான் வரும்." வெளியே வயல், ஏரி, பனைமரம் எல்லாம் சாயங்கால வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தன் நிறத்தை இழந்துகொண்டு போயின. நான் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கும் உன் கண் வந்துவிட்டது போலிருந்தது.

முதலாளி நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. கலர் இனிமேல் உனக்கு வேண்டாம், மாப்பிள்ளை வேட்டி நெய் என்று வெண்பட்டுப் பாவு கொடுத்தார். கூலி குறைவு. தெருவில், விதவைத் தறி என்று கேலி பேசினார்கள். மத்தியானம் வெயில் சதுரம் தறிமேல் வரும்போது, தண்ணீர்க் கிண்ணத்தில் முகச்சவரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, வெண்பட்டின் மேல் நிறங்களை விழ வைப்பாய். பட்டு அசைந்தால் நிறமும் அசையும். வீடு முழுக்கச் சத்தமில்லாமல் இருக்கும். எங்கே எது ஆரம்பிக்கிறது என்று நான் விரல் வைத்துக் காட்ட வேண்டும். உனக்கு மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று, அவ்வளவுதான் தெரியும். "எனக்கு ரெண்டு தெருதான்கா. நடுவுல இருக்கிற சந்தெல்லாம் உனக்கு" என்பாய். அந்தச் சந்துகளில் உன்னைக் கைபிடித்துக் கூட்டிப்போக முடியாதா என்று எனக்கு இருக்கும். நீ என்னவோ உன் இரண்டு தெருவிலும் நிம்மதியாகத்தான் நடந்தாய்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நீ போனபோது என் பையன் வயிற்றில் இருந்தான். தறியில் பாதி வேட்டி இருந்தது. மீதியை வேறு யாரோ நெய்து முடித்தார்கள். எந்த இடத்தில் கை மாறியது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். பளபளப்பில் ஒரு நூல் மாறினாலும் சொல்லிவிடுகிற கண் அது.

நேற்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் கிளியைக் காட்டினேன். "வெளிய சொல்லாத. நாளைக்குத் தறியில உக்கார வேண்டிய புள்ள" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. நாமும் அப்படித்தான் தட்டு மாற்றி வைத்துக்கொண்டு இருந்தோம். ஆனால் மறைத்தால் என்றைக்காவது ஒரு நாள் யாராவது தட்டைத் தேய்க்க எடுப்பார்கள், சின்னா. அன்றைக்கு உன் கை தறியிலிருந்து விலகியதே, அப்படி இவன் கை விலகுவதைப் பார்க்க என்னால் ஆகாது. டீச்சரிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன். என் வீட்டுக்காரரிடமும் அதைச் சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இன்று காலையில் அவன் அழுதுகொண்டிருக்க, நான் பச்சைப் பென்சிலின் நுனியில் ஒரு பட்டு நூலைக் கட்டினேன். தடவிப் பார்த்து எடுத்துக்கொள் என்றேன். எதற்கு என்று கேட்டான். உன் மாமா இப்படித்தான் எடுப்பான் என்றேன். உடனே அழுகை நின்றுபோனது. மாமா கிளிக்கு என்ன கலர் போடுவார் என்று கேட்டான். அரக்குதான் என்றேன். கிளியைச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா சொன்னதை யோசித்தேன். எனக்கே தெரியாமல் இத்தனை நாள் உன்னைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறேன். அழ வேண்டும் போலவும் இருந்தது, அழவும் வரவில்லை.

வருகிற வாரம் அவனை மதராஸுக்கு அழைத்துப் போகிறேன். அந்தப் புத்தகம் இருந்தால், அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்வேன். எனக்கு மறுபடியும் வெறும் புள்ளிகள்தான் தெரியும். அவன் ஒரு எண்ணை வாசிக்கலாம். உன்னைப் போல விரலால் எழுதிக் காட்டாமல் வாய்விட்டே சொல்லச் சொல்வேன்.

அவன் சொல்கிற எண்தானா, சின்னா, அன்றைக்கு நீ பார்த்தது?