கையை அரிக்கும் படம்

மார்ச் 4
இன்றும் என் எலுமிச்சை ஜூஸ் காலி. சாப்பாட்டு அறை ஃபிரிட்ஜில் கைவைப்பது பேக்கிங் பிரிவு அண்ணன்தான். வயிற்றைப் பார்த்து எல்லோரும் அண்டா என்போம். கேட்டால், "பேரா எழுதி வச்சிருந்த?" என்கிறார்.

மார்ச் 5
பேர் எழுதி வைத்தேன். குடித்துவிட்டுப் பாட்டிலைக் கழுவியும் வைத்திருக்கிறார்.

மார்ச் 7
இந்தக் கம்பெனியின் ஒவ்வொரு ஆசிட் கேனுக்கும் லேபிள் அடிப்பவள் நான். என் ஜூஸுக்கு ஒன்று அடிக்க எவ்வளவு நேரம்? சிவப்புக் கட்டம், நடுவே திரவம் சொட்டிக் கையை அரிக்கும் படம். அண்டா ஃபிரிட்ஜைத் திறந்து திருதிருவென்று முழித்தார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மார்ச் 12
நான் அதிலிருந்து குடிப்பதை யாரோ பார்த்து அண்டாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அவர் எல்லோர் முன்னாலும் மடமடவென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "நாக்குகூடக் கூசல தங்கச்சி" என்றார். அறையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேபிளைக் கிழிக்க மாட்டேன். ஒரு நாள் மாட்டாமலா போவார்?

மார்ச் 19
ஆய்வக ஃபிரிட்ஜ் பழுது. குழாய் அடைப்பு நீக்கும் திரவத்தின் சாம்பிள் பாட்டில் ஒன்றை மதியம்வரை எங்கள் ஃபிரிட்ஜில் வைக்கிறேன் என்றார் ஆய்வக அக்கா. வைக்கக் கூடாதென்று எனக்குத் தெரியும். அதற்கும் அதே படம்தான். நானே அடித்து, சுருக்கமில்லாமல் ஒட்டினேன். அண்டாவிடம் சொல்லலாமா என்று தோன்றியது. எதற்கு? அதுதான் ஒட்டியிருக்கிறதே.

மார்ச் 19, மாலை
ஒரே மடக்கு. அந்தச் சத்தம் - தரையில புரண்டு - வாயெல்லாம் - எழுத முடியல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல?

மார்ச் 23
விசாரணை. லேபிளின் அளவு, படம், எழுத்து எல்லாம் சரி. "உங்க மேல தப்பே இல்லம்மா" என்றார் மேலாளர். ஆய்வக அக்காவுக்கு வேலை போய்விட்டது. என் ஜூஸைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்கள்தானே எல்லோரும். நானும் திறக்கவில்லை.

மே 6
பாதுகாப்பு வகுப்பை இனி நான்தான் எடுக்க வேண்டுமாம். அண்ணனை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள், எல்லோரும் பார்த்துப் பயப்படட்டும் என்று. வயிறு ஒட்டிப்போயிருக்கிறது. பேச்சு இனி வராது. சாப்பாடு, வயிற்றில் செருகிய குழாய் வழியாகத்தான். பக்கத்தில் அண்ணி. திரையில் அதே படம். "இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்னு இவருக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அண்ணன் சிலேட்டில் எழுதி என் பக்கம் திருப்பினார். "உன் ஜூஸுன்னு நெனச்சேன்." அண்ணி எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் அழித்துவிட்டார்.

மேலாளர் தொடரச் சொன்னார். அடுத்த படத்தைக் காட்டினேன்.