பூட்டிய கதவின் முன்னால் ஒரு கூட்டம்

மாஸ்டர்,

இன்று காலை பேருந்து வீரபாண்டியைக் கடக்கும்போது சாயத் தண்ணீரின் வாடை அடித்தது. உங்கள் ஞாபகம் வந்தது. அந்த வாடை நம் தெருக் கிணற்றில் இறங்கிய தொண்ணூறுகளில் நீங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தெருச் சங்கத்தின் தலைவரும் நீங்கள்தான்.

கிணறு கெட்டதும் எல்லோருக்கும் ஒரே குழாய். வரிசையில் நின்றவர்களின் கோபத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார் ஒரு பேச்சுக்காரர். "தெக்கத்திக்காரங்க வந்த பொறகுதானுங்க தண்ணிப் பஞ்சம். இது நம்ம மண்ணு, நம்ம தண்ணி!" ஒரே கைதட்டல். சாயப்பட்டறைகளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

சங்கத் தேர்தலில், தெற்கு மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து வாடகைக்குக் குடியிருந்த தெற்கத்திக் குடும்பங்களுக்கு ஓட்டு வேண்டாம் என்றார்கள். "வாடகை ஊட்ல இருந்தா தாகம் எடுக்காதுங்களா?" என்று கேட்டு, எல்லோரையும் ஓட்டுப் போட வைத்தீர்கள். அந்தப் பேச்சுக்காரரிடம் தோற்றும் போனீர்கள்.

"தெருவே நாந்தானுங்க, இனிக் கூட்டம் எதுக்குங்க?" என்று சங்கத்தைப் பூட்டினார் புதிய தலைவர். தெற்கத்தி வீடுகளுக்குப் பல நாள் தண்ணீர் இல்லை. ஏனென்று கேட்ட உள்ளூர்க்காரரையும் "நீ அவங்க ஆளா?" என்று மடக்கினார்கள்.

பூட்டை உடைக்கலாம் என்றேன் நான்.

"பசங்களுக்குச் சட்டம் சொல்லிக்குடுக்கற வாத்தியார் பேசற பேச்சுங்களா இது? ஓட்டுல வந்தவர ஓட்டுலதான் எறக்கோணும். ஆனா கூட்டத்த நிறுத்தச் சொல்லி யாரும் அவருக்கு ஓட்டுப் போடலீங்க" என்றீர்கள்.

மாதக் கூட்டம் வழக்கமாக நடக்கும் ஞாயிறன்று பூட்டிய கதவின் முன்னால் பாய் விரித்தோம். இருந்ததே நாம் இருவர்தான். எதிர் டீக்கடைக்காரரிடமிருந்து கிண்டல் வந்தது: "ஏனுங்க மாஸ்டர், கூட்டத்துக்குக் கோரம் சேந்துருச்சுங்களா?"

"ஓராளு கொறையுதுங்க, வந்து உக்காருங்க!"

அவர் வரவில்லை. அடுத்த மாதம் மரியபுஷ்பம் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் செக்கிங் வேலைக்கு வந்தவர். "எங்களுக்கு ஏன் தண்ணி விடலன்னு இங்ஙன கேக்கலாமா அண்ணாச்சி?"

"சத்தமாக் கேளுங்க அம்மிணி."

பிறகு பாய் போதவில்லை. டீக்கடைக்காரரே தன் பெஞ்சைத் தூக்கிவந்து போட்டார். அடுத்த தேர்தலிலும் அந்தத் தலைவர்தான் ஜெயித்தார். ஆனால் கதவைத் திறந்தார். கேட்டவர்களுக்கு எழுந்து நின்று பதில் சொன்னார். முறை வைத்து எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வந்தது.

இன்று பெரிய மேடைகளில் அதே பேச்சைக் கேட்கிறேன். மக்கள் என்றால் யார் யாரென்று ஒருவரே முடிவு செய்கிறார். கேள்வி கேட்டவர் துரோகியாகிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கை தட்டுகிறவர் மேல் கோபம் வருவதில்லை, மாஸ்டர். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்க தெருவுல தண்ணி ஒழுங்கா வருதுங்களா?" என்று பேச்சைத் தொடங்குகிறேன்.