கம்ப்யூட்டர்ல எதை எடுத்தேன், எதைப் போட்டேன்

என்னங்க,

டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேலயே இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது, "இந்த டப்பாவைத் தூக்கிப் போடு"ன்னு நேத்து கத்தினீங்களே, டப்பா மேல தப்பில்ல. உள்ள நீங்க அடைச்சு வச்சதுதான் பாரம். வைரஸ் பிடிக்க மட்டும் மூணு சாஃப்ட்வேர்! ஒண்ணை ஒண்ணு திருடன்னு பிடிச்சுக்கிட்டு நின்னா மெஷின் எப்படி நகரும்? மூணையும் எடுத்துட்டேன். மெஷினோட வந்ததே போதும். கேள்வித்தாள் டைப் பண்ண, பாட்டு கேக்க எல்லாத்துக்கும் லேசான வேற சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். உங்க ஃபைல் ஒண்ணும் அழியல. நான் வந்ததும் சண்டைக்கு நிக்காதீங்க, ரெண்டு ஷிஃப்ட் பார்த்துட்டு வர்ற உடம்புல தெம்பிருக்காது.

ஆன் பண்ணதுமே தானா திறக்கிற மாதிரி வீடியோ கால் சாஃப்ட்வேர் ஒண்ணு வச்சிருந்தீங்க. இருக்கிறதுலயே அதுதான் கனம். "அவன் பேச்சை எடுக்காதே"ன்னு என் வாயை அடைச்ச மனுஷன், மகன் கூப்பிடுவான்னு தினமும் அதைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தீங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அவன் அதை விட்டு ஒரு வருஷம் ஆச்சுங்க. லேசான வேற ஒண்ணுலதான் என்கிட்ட பேசறான். உங்ககிட்ட மறைச்சது என் தப்புதான். அதை உங்களுக்கும் போட்டிருக்கேன், திரையில பச்சைப் படம். ஆறு மணிக்கு மேல இருப்பான்.

இடம் இல்லாம ஓரத்துல எழுதறேன்: அந்தப் பழைய வீடியோ கால் சாஃப்ட்வேரை மட்டும் அழிக்கல. நீங்க அனுப்பின "சாப்பிட்டியா" எல்லாம் அதுல அப்படியே கிடக்கு. அவன் பார்த்துட்டுப் பதில் போடாம இருக்கலைங்க. பார்க்கவே இல்ல.