முதல்ல பிழைக்கணும்

பாப்பாவோட அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா?

நான் கூட்டிப் பெருக்கற காலேஜ்ல நேத்து ஒரு கூட்டம். மனுஷ இனம் அழியாமத் தடுக்கறதா, வரப்போறவங்க வாழ்க்கையை நல்லாக்கறதா, எது முதல்லன்னு புரொபசர்களுக்குள்ள வாக்குவாதம். நடுவுல தீ அலாரம் அடிச்சுது. ஒருத்தரும் எழுந்திருக்கல. நான்தான் துடைப்பத்தோட உள்ள போய் எல்லாரையும் வெளியே அனுப்பினேன். பயப்படாதே, கேன்டீன்ல ரொட்டி கருகின புகைதான்.

வாசல்ல ஒருத்தர், "நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு என்னையும் கேட்டார்.

"முதல்ல பிழைச்சுக் கிடக்கணும் சார், நல்லா வாழறதை அப்புறம் பாத்துக்கலாம்"னேன்.

உன்கிட்டயும் அதைச் சொல்லிட்டுத்தான் ஊரை விட்டுக் கிளம்பினேன். ஆறு வருஷமாச்சு. அன்னிக்குச் சொல்லும்போது ஒண்ணும் தோணல.

ஷிஃப்டுக்கு நேரமாச்சு. பாப்பா பாதத்தைக் காகிதத்துல வச்சு வரைஞ்சு அனுப்பு, செருப்பு வாங்கணும். என்கிட்ட இருக்கறது அவளோட மூணு வயசுப் பாதம்.