மல்லாட்டையின் தீவனத்துக்கு ஒரு கையெழுத்து

வளவனூர்
புதன்கிழமை

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சினையாக இருக்கும் செவலை மாடும் சுகம். அங்கே உன் இரண்டு காலும் உன் குதிரையின் நாலு காலும் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்று அங்காளம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். தினம் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயமெல்லாம் எனக்குத்தான். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், நான் பாதியில் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்துவிடுவேன். பேப்பரில் எழுதும்போது எனக்குப் பொய் வராது. அதனால் முழுசாகப் படி, படித்துவிட்டு அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

கரும்புக்கு இன்னும் வெட்டு உத்தரவு வரவில்லை, அப்பா ஆலைக்கு நடையாய் நடக்கிறார். மேட்டுக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது, இந்த வருஷம் கடலைப் பருப்பு நல்ல திரட்சி. காய வைத்த மல்லாட்டையைக் கையில் அள்ளும்போதெல்லாம் உன் குதிரை ஞாபகம்தான். ரேஸில் ஓடவிட்டு ஒதுக்கிய குதிரை என்று, நீ படிக்கப் போன அரியானாவில் அந்தக் குதிரையேற்றக் கிளப்பில் அதை உன் பொறுப்பில் விட்டபோது, தோல் நிறம் அப்படியே நம்ம மல்லாட்டைத் தோல் மாதிரி இருக்கிறதும்மா என்று அந்தப் பெயரையே வைத்தாயே, அங்கே இருக்கிற இந்திக்காரர்கள் வாயில் நுழையாமல் ‘மல்லட்டா, மல்லட்டா’ என்று கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாயே. சிரித்த கையோடு தை மாதத்தில் அது உன்னைக் கீழே தள்ளித் தோள்பட்டை எலும்பை முறித்தது, பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னாய். குதிரை குணமறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள், கொம்பில்லாமலே இந்தப் பாடு. அன்றையிலிருந்து கியாஸ் கம்பெனிக்காரன் போன் போட்டால்கூட எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை சாமியைக் கூப்பிட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன்.

குதிரை சும்மா வந்தது, அதன் வயிறு சும்மா வரவில்லை. தீவனம், லாயத்து வாடகை, லாடம், டாக்டர் என்று உன் ஸ்காலர்ஷிப்பும் நாங்கள் அனுப்புவதும் சேர்ந்தும் போதவில்லை. ஆனை அசைஞ்சி தின்னும், இது நின்னுக்கினே தின்னுது என்று அப்பா சொல்வார். இந்த மாதக் கடைசிக்குள் ஸ்பான்சர் பிடிக்காவிட்டால் கிளப்பில் அதைக் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவனிடம் கொடுத்துவிடுவார்கள் என்று நீ சொன்னதும், நாங்கள் இரண்டு பேரும் உன் போட்டோ, மெடல் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். விழுப்புரத்தில் ஒரு நகைக்கடை மேனேஜர் குதிரை என்றதும் அய்யனாருக்கு மண்குதிரை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, கோயில் ரசீது புக்கு எங்கங்க என்று கேட்டார். மனை போட்டு விற்கிற ஒருத்தர், பிளாட்டு தொறப்பு விழாவுக்குப் பாப்பா குதிரை மேல ஒக்காந்துக்கினு வரட்டும், சுத்தி பத்தாயிரம் வாலா வெடிச்சா சும்மா அள்ளிக்கினு போவும் என்றார். அப்பா பைலை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். எனக்கோ ஒவ்வொரு கடையிலும் இல்லை என்று சொல்லும்போது முகம்தான் வாடும், உள்ளே மனசு குளிர்ந்துபோகும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்காகப் படியேறினேன், படியேறும்போதே இவர்களும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் மாட்டுத் தீவன ஆலை வைத்திருக்கிற சக்கரபாணி என்பவர்தான் இல்லை என்று சொல்லவில்லை. நீ தடை தாண்டுகிற வீடியோவை நாலு தடவை பார்த்தார். இருவது வருசமா மூட்டையில மாட்டுப் படமே போட்டுக்கினு இருக்கேன், இனிமே இந்தப் பொண்ணும் குதிரையும் வரட்டும், படிப்பு முடியற வரைக்கும் குதிரை செலவு என்னுது என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தேன். அப்புறம் ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். போட்டியிலோ பயிற்சியிலோ மாணவிக்குக் காயமோ ஊனமோ உயிரிழப்போ ஏற்பட்டால் எங்கள் ஆலை பொறுப்பாகாது, இதை அறிந்தே சம்மதிக்கிறோம் என்று அதில் டைப் அடித்திருந்தது. அப்பா உடனே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சக்கரபாணி, அப்பா போட்டாப் பத்தாதுங்க, அம்மாவும் எழுதிப் போடணும், நாளைக்கி ஒண்ணுன்னா எவனும் கேஸு போட மாட்டான், பெத்தவதான் வந்து என் வாசல்ல மண்ண வாரித் தூத்துவா, அதுக்குத்தான் நான் பயப்படறேன் என்றார். அவர் பயம் நியாயமான பயம். கைநாட்டு வைக்கிறேன் என்றேன், படிச்சவங்கதானே, கையெழுத்தாவே போடுங்கம்மா என்றார். வீட்டில் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று சொல்லிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கலை, நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கேட்பாயே, எல்லார் பிராக்ரஸ் கார்டிலும் அவங்க அம்மா கையெழுத்து இருக்கு, ஒன்பதாவது படிச்ச நீ மட்டும் ஏம்மா போட மாட்டேங்கிற என்று. ரேஷன் கடையில், பேங்கில் நான் கட்டைவிரலை மையில் தொடும்போது நீ வெட்கப்பட்டுத் திரும்பி நிற்பாய். இப்போது சொல்கிறேன். உன் மாமா திருமுருகன் திண்டிவனம் பைபாசில் பைக்கோடு விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடினவள் நான்தான். உனக்கு அப்போது அஞ்சு வயசு, அப்பாவும் தாத்தாவும் வந்துசேர நேரமாகும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பேப்பர் கொடுத்தார்கள், உயிருக்கு ஏதாவது ஆனால் சம்மதம் என்று. கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே கொண்டுபோவோம் என்றார்கள். நான் போட்டேன். தம்பி திரும்பி வரவில்லை. டாக்டர்கள் மேல் குற்றமில்லை, தலையில் பட்ட அடி அப்படி. ஆனால் என் புத்திக்கு ஒன்றே ஒன்றுதான் பட்டது, நான் சம்மதம் என்று எழுதிக்கொடுத்தேன், எமன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அன்றோடு சரி, பதினாறு வருஷமாக என் பெயரை எந்தக் காகிதத்திலும் நான் எழுதவில்லை. இப்போது அதே எழுத்து, அதே உயிரிழப்பு, பக்கத்தில் உன் பெயர். நான் எப்படியடி போடுவேன்?

அதனால் அப்பாவிடம், குலதெய்வத்தைக் கேட்காமல் போடக்கூடாது, அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். வெள்ளைப் பூ வந்தால் கையெழுத்து, சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டியது என்று பேச்சு. கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம், காலையில் போய் வரிசையில் நின்று மத்தியானம்தான் சந்நிதிக்குள் போனோம். இரண்டு பொட்டலத்தையும் நான்தான் கட்டினேன். அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார், சிவப்பு அரளி. அந்த மனுஷன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். செஞ்சி வந்து விழுப்புரம் பஸ் ஏறின பிறகு, அங்காளம்மாவே வேணான்னுட்டா, நாம என்னா பண்றது என்றார். உனக்கும் போன் போட்டு அதையே சொன்னார். நீ சண்டை போடுவாய் என்று நினைத்தேன். சாமியே சொல்லிட்டா சரிப்பா என்று மட்டும் சொன்னாய். மறுநாள் எனக்குப் போன் போட்டு, கல்யாணக் குதிரைக்காரன் வந்து மல்லாட்டையின் பல்லைப் பார்த்துவிட்டுப் போனான், முதுகில் ஜரிகைத் துணி போட்டு அளவு பார்த்தான், அது என் தோளில் மூஞ்சியை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது என்று சாதாரணமாகச் சொன்னாயே, அந்தச் சாதாரணம்தான் என்னை ஆட்டிவிட்டது. நீ அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

பாவி நான், இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளிதான் வைத்துக் கட்டினேன். எது எடுத்தாலும் சிவப்புதான் வந்திருக்கும். வெள்ளைப் பூவை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன், வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது அது நசுங்கிக் கருத்துப்போய் இருந்தது. அங்காளம்மா முன்னால் நின்றுகொண்டு அவள் வாயையே பொத்தியவள் நான். அதிலிருந்து நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். மோட்டார் காயில் எரிந்தால் இதனால்தான் என்று நடுங்குகிறேன், மாடு ஒரு வேளை தண்ணீர் குடிக்காவிட்டால் இதனால்தான் என்று நடுங்குகிறேன். நீ ரோட்டைத் தாண்டி காலேஜுக்குப் போகிற நேரத்தில், என் மேல் இருக்கிற கோபத்தை அவள் உன்மேல் காட்டிவிடுவாளோ என்று நினைத்து அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். கேட்கிறதாக இருந்தால் என்னைக் கேளு தாயே, என் பிள்ளையை விட்டுவிடு என்று சொல்லாத நேரம் இல்லை. கையெழுத்துப் போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். எந்தப் பக்கம் போனாலும் பயம்தான் என்றால், உன்னை அழ வைக்காத பக்கமே போய்த் தொலைவோம் என்று நேற்று தோன்றியது.

அப்பா பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கத் திண்டிவனம் போனபோது சக்கரபாணி வாங்கிக்கொள்ளவில்லையாம். வெள்ளிக்கெழம வரைக்கும் வச்சிக்கினு இருங்க, பெத்தவங்க மனசு மாறும் என்றாராம். அது பீரோவிலேயே கிடந்தது. இன்று காலை அப்பா கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது வரப்பில் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்ப ரெண்டுலயும் செவப்பா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அடுத்த அமாவாசைக்கி நீ தனியாப் போயி அவ கால்ல வுழுந்துட்டு வா, என்னைக் கூப்புடாத, எனக்கும் அவ மூஞ்சியப் பாக்கப் பயமா இருக்குது என்று சொல்லிவிட்டு மடையைத் திருப்பப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்கு வந்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பாடு கூடக் கேட்காமல் திரும்பக் கொல்லைக்கே போனார்.

நாளைக் காலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறி நானே திண்டிவனம் போய்க் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைச் சக்கரபாணி கையில் கொடுத்துவிட்டு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு அதன் ஜெராக்ஸையும் கூரியரில் அனுப்புகிறேன். கல்யாணக்காரனைத் திருப்பி அனுப்பிவிடு. பூ விஷயத்தை உன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிக்காதே. குதிரைமேல் ஏறுவதற்கு முன்னால் சேணத்து வாரை அங்கே வேலை செய்கிறவர் கட்டியிருந்தாலும் நீ உன் கையால் ஒரு தடவை இழுத்துப் பார். ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டு, போட்டோவில் தொங்கிக்கொண்டிருந்தது, நான் பார்த்தேன். விழுந்தால் பத்து நாள் கழித்துச் சொல்லாதே, அன்றைக்கே சொல், எனக்கு நெஞ்சு அடைத்தாலும் பரவாயில்லை. மல்லாட்டை உருண்டை செய்து டப்பாவில் போட்டு இதோடு அனுப்புகிறேன், டாக்டரைக் கேட்டுவிட்டு உன் குதிரைக்கும் ஒன்று கொடு. தடையைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் இங்கே ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை மறக்காதே. அங்காளம்மா என்னிடம் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும், உன்னைத் தலையில் வைத்துக் காக்கட்டும். நீ முன்னே ஹாஸ்டலில் இருந்த நாள்களில் கடிதத்தின் அடியில் அம்மா என்று மட்டும்தான் எழுதுவேன். பத்திரத்தில் போடுவதற்கு முன்னால் கை பழகட்டும் என்று இன்று இங்கே முதலில் போடுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே.

உன்னைப் பெற்றவள்,
ந. தையல்நாயகி