பத்துக்கு ஐந்து

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை வருகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த மட்டில் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தடவுகிறீர்களா, இல்லை பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெரிய மெஷின் சுற்றி நிற்க நாற்பது நிமிஷம் ஆகும். இன்றைக்கு இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை, மூன்று வார்டு படுக்கை விரிப்பும் என் தலையில். கால் கடுக்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நீங்கள் "ம்", "சரி", "சாப்பிட்டாளா?" இந்த மூன்றுக்கு மேல் பேசிப் பத்தொன்பது நாள் ஆகிறது. நான் எதையாவது ஆரம்பித்தால் மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பாருங்கள். உங்களோடு இருக்கும் வெல்டர் தம்பி லீவு முடிந்து நாளை மறுநாள் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் மகள் அன்றைக்குப் போனில் கத்தியதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? பத்தாவது தாண்டாதவர்கிட்ட கேட்டது என் தப்பு" என்றாள். நீங்கள் "சரிம்மா" என்று சொல்லி வைத்தீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். உங்கள் "சரிம்மா" அவளைத் திட்டைவிட அதிகம் அடித்துவிட்டது. அப்பனும் பிள்ளையும் அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரே வீம்பு. நடுவில் மத்தளம் மாதிரி எனக்கு இரண்டு பக்கமும் அடி.

அன்று பள்ளியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. முக்கோணவியல் வீட்டுப்பாடக் கணக்கு, பத்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயர்கிற ஒரு கொட்டகைக் கூரை எத்தனை டிகிரி சாய்வு என்று. முதல் நாள் சாயங்காலம் அவள் போனில் படித்துக் காட்டினாள், நீங்கள் முழுதாகக் கேட்காமலே சிரித்துக்கொண்டு, "பத்துக்கு அஞ்சா? முப்பது டிகிரி. கண்ணை மூடிக்கிட்டு எழுது" என்றீர்கள். அவளும் கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதினாள். மறுநாள் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்களாம். முப்பது என்று போட்டாள். டீச்சர் தப்பு என்றதும் இவள் விடாமல், "எங்கப்பா இருபது வருஷமா கூரை போடுறவர், அவர் சொன்னார்" என்று மல்லுக்கு நின்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்குப் பட்டப்பெயர் "கூரை". உங்களுக்காக வாதாடித்தான் அசிங்கப்பட்டாள். அந்தக் கோபத்தை உங்கள் மேலேயே கொட்டினாள்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த வருஷம் எந்தப் பிரிவு என்று பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கட்டடம், பாலம் என்று ஆறாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள், "கணிதம்" என்று எழுதியதைப் பேனாவால் நாலு தரம் அடித்துவிட்டாள். இப்போது கணக்கை விட்டால் அப்புறம் எந்த என்ஜினியரிங் வாசலிலும் நுழைய முடியாதாம். நான் கெஞ்சினேன், திட்டினேன். ஒருநாள் நானே சொல்லித்தருகிறேன் என்று புத்தகத்தை விரித்தேன். சைன், காஸ் என்று இரண்டு வரி படிப்பதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன செவ்வாய் எனக்கு லீவு. அவள் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போன அந்தப் புத்தகத்தைச் சும்மா புரட்டும்போது கொட்டகைப் படம் கண்ணில் பட்டது. பத்து மீட்டர் என்று தரையில் கோடு போட்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. நம் துவைக்கிற இடத்துக்கு நீங்கள் ஷீட் போட்டீர்களே, டேப்பின் மறுமுனையைப் பிடித்தது நான்தானே? நீங்கள் ஒருநாளும் தரையில் அளந்ததில்லை. ஷீட்டின் மேலேயே டேப்பைப் படுக்கப் போட்டுத்தான் அளப்பீர்கள். பிடித்த கைக்கு மறக்குமா?

அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். கணக்கு டீச்சர் பொல்லாதவர் இல்லை, பாவம், என்னைவிடக் களைத்துப்போய் மலையாகக் குவிந்த நோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் மேஜைமேல் ஸ்கேலைச் சாய்த்து வைத்து, அவர் இப்படித்தான் அளப்பார் என்று காட்டினேன். அவர் ஒரு தாளில் முக்கோணம் போட்டுப் பார்த்தார். பிறகு, "அடடா! சாய்வு மேல பத்து, உயரம் அஞ்சுன்னா முப்பதுதாம்மா. உங்க வீட்டுக்காரர் தொழிலுக்கு அது நூத்துக்கு நூறு சரி. புத்தகம் தரையில அளக்குது, அதனால இருபத்தாறரை சொச்சம். அவர் போட்டது சைன், இங்கே போட வேண்டியது டேன். எப்படி முப்பது வந்துச்சுன்னு நானும் அவளைக் கேட்டிருக்கணும்" என்றார்.

ஆக, கேள்வியை முழுதாகக் கேட்காதது மட்டும்தான் உங்கள் தப்பு. அது புதிதா என்ன? கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்வதையும் பாதிதானே கேட்கிறீர்கள்.

அங்கே சுவரில், கணிதம் படித்தால் என்னவெல்லாம் ஆகலாம் என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். விமானி, விஞ்ஞானி, வங்கி அதிகாரி. கூரை போடுகிறவரைக் காணோமே டீச்சர் என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினார். எல்லாவற்றையும் அவளிடமும் சொல்லி, "நாளைக்கு வகுப்பில இந்த ரெண்டு விதத்தையும் நீயே பலகையில போடு" என்றார். அடித்த படிவத்துக்குப் பதில் புதுசும் ஒன்று கொடுத்தார்.

உங்கள் மகளோடு வீட்டுக்கு நடந்தேன். வழியில் இருக்கிற ஒவ்வொரு கொட்டகைக்கும் முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். வந்ததும் டேப்பை எடுத்து, என்னையே மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, துவைக்கிற இடத்துக் கூரையைத் தரையிலும் அளந்தாள், ஸ்டூல் போட்டு மேலேயும் அளந்தாள். எனக்கு நிற்கத் தெம்பில்லை. ஆனாலும் பிடித்தேன். மறுநாள் பலகையிலும் போட்டுக் காட்டினாளாம். இப்போதும் "கூரை" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கூப்பிட்டால் என்ன என்கிறாள்.

அப்பாவைக் கூப்பிடேண்டி என்றால் மட்டும், "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டும்மா?" என்று அழுகிறாள். புதுப் படிவத்தில் பேரை மட்டும் எழுதிவிட்டுப் பிரிவைக் காலியாக விட்டிருக்கிறாள். "அப்பாவுக்கே அனுப்பு. நான் கணக்கு எடுக்கலாமான்னு அவர் சொல்லட்டும்" என்றாள். என் கையெழுத்தே போதும் என்று பள்ளியில் சொன்னார்கள். நான் போடவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். பிரிவையும் நீங்களே எழுதி, கையெழுத்துப் போட்டு, மாதக் கடைசிக்குள் வந்து சேரும்படி தபாலில் போடுங்கள்.

அதற்கு முன்னால் அவளைக் கூப்பிடுங்கள். அவள் சொன்னது சரிதானே, நான் படிக்காதவன்தானே என்று அன்று ராத்திரி என்னிடம் முனகினீர்களே, அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தாங்க மாட்டாள்.

மெஷின் நின்றுவிட்டது, போக வேண்டும். இன்று காலையில் நான் தாளை எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டு, என்னைப் பற்றி ஒன்றும் எழுதாதே என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "முப்பது டிகிரின்னா ரொம்பச் சரிவும்மா. நான் அட்டையைச் சாய்ச்சு வச்சுப் பார்த்தேன், காசு நிக்கல, வழுக்கிட்டுப் போயிடுச்சு. அப்பா சேஃப்டி பெல்ட் போட்டுக்கிட்டுத்தான் மேலே ஏறுறாரான்னு மட்டும் கேளு" என்றாள்.

கேட்டுவிட்டேன். பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் போனை அவள்தான் எடுப்பாள், நான் எடுக்க மாட்டேன். எடுத்ததும் பழையபடி "என்ஜினியரம்மா" என்று கூப்பிட்டு, அவளிடமே சொல்லுங்கள்.

கால் வழுக்காமல் ஏறி, முழுசாக இறங்கி வாருங்கள்.

உங்கள் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருக்கும்,
உங்கள் மனைவி